சர்வ சுதந்திர பாத்தியம்



பெண்கள் ஆற்றல் பெறுவது என்றால் என்ன என்பது பற்றி இந்தச் சபையில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். படித்த பெண்களின் தொகையைக் கொண்டு இதனை அளப்போர் உண்டு. உத்தியோகம் பார்க்கும் பெண்களின் தொகையைக் கொண்டு அளப்போரும், சட்டசபையிலும் நீதிமன்றத்திலும் அமர்ந்திருக்கும் பெண்களை எண்ணிக் காட்டுவோரும் உண்டு. அவை யாவும் வேண்டிய கணக்குகளே. அவற்றைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை. ஆயினும், அந்தக் கணக்குகளிலெல்லாம் இடம்பெற்றுவிட்ட ஒருத்தி, தன் சம்பளத்தை மாதந்தோறும் அப்படியே மற்றொருவர் கையில் கொடுத்துவிட்டு, தன் காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதற்கும் அவர் முகத்தைப் பார்த்து நிற்கிறாள் என்றால், அவளை ஆற்றல் பெற்றவள் என்று சொல்ல என் மனம் இடங்கொடுப்பதில்லை. ஆகவே நான் வேறொரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். ஒரு பெண், எவருடைய அனுமதியையும் முன்னதாகக் கேளாமலும், பின்னால் அதற்காக எவருக்கும் சமாதானம் சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாமலும், தன் சம்மதம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்டு செய்யக்கூடிய காரியங்கள் எவை? அந்தக் காரியங்களின் எல்லை எவ்வளவு தூரம் விரிகிறதோ அவ்வளவு தூரமே அவளுடைய ஆற்றலும் விரிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

இதனை முதலில் சொத்து விஷயத்தில் வைத்துப் பார்ப்போம். நம் ஊர்களில் பத்திரம் எழுதுவோர் தலைமுறை தலைமுறையாக எழுதிவரும் வாசகம் ஒன்று உண்டு: வாங்குகிறவர் அந்த நிலத்தை ‘தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்பது அது. தானம் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். இவற்றைச் செய்யக்கூடியவரே உடையவர், விளைச்சலை மட்டும் உண்ணக்கூடியவர் உடையவர் அல்லர் என்பது அந்த வாசகத்தின் உட்கிடை. இந்த அளவில் பார்த்தால், 1956-ஆம் ஆண்டு வரையில் நம் நாட்டு இந்துக் குடும்பங்களில் கணவனை இழந்து அவன் சொத்துக்கு வாரிசாக வந்த பெண் உடையவளாக இருந்ததே இல்லை. அவள் நிலத்தின் பலனை அனுபவிக்கலாம். ஆனால் சட்டம் அவசியம் என்று ஒப்புக்கொண்ட காரணங்களுக்கு அன்றி அதனை விற்கவோ, பிரியமானவர்க்குக் கொடுக்கவோ அவளுக்கு அதிகாரம் இல்லை. அவள் காலமானதும் சொத்து அவளுடைய மனிதர்களுக்குப் போகாமல் கணவன் வழி வாரிசுகளுக்கே திரும்பிப் போய்விடும். விற்க நேர்ந்தாலும், நாளைக்கு அந்த வாரிசுகள் வழக்குத் தொடுப்பார்களே என்று அஞ்சி, வாங்குகிறவர்கள் பாதி விலைக்குக் கேட்பார்கள். அல்லது வரவே மாட்டார்கள். பக்கத்து வயற்காரனுக்கு அவன் நிலத்தின் மேல் இருந்த செல்வாக்கில் கால் பங்குகூட அவளுக்குத் தன் நிலத்தின் மேல் இருந்ததில்லை. 1937-ஆம் ஆண்டுச் சட்டம் விதவைக்கு மகனோடு சமபங்கு கொடுத்தபோதும், இந்த ஆயுட்கால அனுபவம் என்ற விலங்கைக் கழற்றவில்லை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் பதினான்காம் பிரிவுதான், பெண்ணின் சுவாதீனத்தில் உள்ள சொத்து, அந்தச் சட்டத்துக்கு முன் வந்ததாயினும் பின் வந்ததாயினும், அவளுக்கே முழு உடைமை என்று கூறிற்று. அந்த ஒரு பிரிவை நம் நாட்டுப் பெண்களின் சரித்திரத்தில் வாக்குரிமைக்கு நிகரான ஸ்தானத்தில் வைக்க வேண்டும் என்பேன்.

இந்தச் சட்டம் எளிதில் வந்ததன்று. 1929 பிப்ரவரி மாதத்தில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமையும் வாரிசு பாத்தியதையும் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியபோது, அதனைப் படித்த பெரிய மனிதர்கள் பலர் குடும்பம் என்ற ஸ்தாபனமே குலைந்துபோகும் என்று கலங்கினார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் டில்லியில், டாக்டர் அம்பேத்கர் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கொண்டுவந்தபோதும் அதே கலக்கம், அதே வார்த்தைகளில், பார்லிமெண்டில் எழுந்தது. அந்த மசோதா கைவிடப்பட்டதை முக்கியமான ஒரு காரணமாகச் சொல்லியே அவர் 1951-இல் மந்திரி பதவியைத் துறந்தார். மகள் ஒருத்திக்கு நிலத்தில் பங்கு உண்டா என்ற கேள்வியின்மேல் தன் பதவியை வைத்த மந்திரிகள் உலக சரித்திரத்திலேயே அதிகம் பேர் இரார். பின்னர் அந்த மசோதா துண்டு துண்டாக நிறைவேறிற்று; 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அதில் ஒரு துண்டு. ஆனால் அதில் ஒரு குறை தங்கிவிட்டது. பிதுரார்ஜித சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு, மகளுக்கு இல்லை என்ற பழைய ஏற்பாடு அப்படியே நின்றது. தாயை இழந்த ஒரு குடும்பத்தில் தகப்பனும் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிதுரார்ஜித நிலத்தில் தகப்பனுக்குப் பாதி, மகனுக்குப் பாதி. தகப்பன் காலமானதும் அவருடைய பாதி மட்டும் இருவருக்கும் சமமாகப் பிரியும். மகன் கையில் முக்கால், மகள் கையில் கால்.

இந்தக் குறையை ஆந்திரத்துக்கு அடுத்தபடியாக நீக்கப் புகுந்தது தமிழ்நாடு. 1989 மார்ச் 25 முதல் மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்காளி ஆனாள். ஆனால், அந்தத் தேதிக்கு முன் விவாகமான பெண்களுக்கு அது இல்லை என்று சட்டமே கோடு கிழித்தது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு சகோதரிகளில், தை மாதத்தில் தாலி கட்டிக்கொண்ட மூத்தவளுக்குப் பங்கு இல்லை, சித்திரையில் கட்டிக்கொண்ட இளையவளுக்குப் பங்கு உண்டு என்ற நிலைமை பல குடும்பங்களில் ஏற்பட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அந்தத் திருத்தம் வந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்புச் சொன்னது. ஆக, செங்கற்பட்டுத் தீர்மானம் முழுமையாகச் சட்டமாகி நிலைபெறுவதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

சட்டம் முடிந்த இடத்தில் விஷயம் முடியவில்லை. உண்மையான விஷயம் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வேண்டுமானாலும் ஒரு முகூர்த்த நாளில் போய்ப் பாருங்கள். வேப்பமரத்தடியிலும் பத்திர எழுத்தர் திண்ணையிலும் சகோதரிகள் அமர்ந்திருப்பார்கள். திருப்பூரிலிருந்து ஒருத்தி, சென்னையிலிருந்து ஒருத்தி, பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருத்தி என்று, அண்ணன் அனுப்பிய காரில் வந்து இறங்கியிருப்பார்கள். அவர்கள் எழுதிக்கொடுக்க வந்திருப்பது விடுதலைப் பத்திரம். தகப்பன் சொத்தில் தங்களுக்குள்ள பாத்தியதையை அண்ணன் தம்பிகளுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம். பத்திரத்தில் ஒரு தொகை எழுதப்பட்டிருக்கும். சில சமயம் அது உண்மையாகவே கைமாறும், பல சமயம் மாறாது. கையெழுத்து ஆனதும் அவர்களுக்குப் புடவை எடுத்துக் கொடுத்து, நல்ல ஓட்டலில் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிடுவார்கள்.

அந்தப் பெண்களில் பலர் சட்டம் தெரியாதவர்கள் அல்லர். பட்டதாரிகள் இருக்கிறார்கள், ஆசிரியைகள் இருக்கிறார்கள், வங்கியில் வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தெரிந்தே எழுதிக்கொடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதிலை நாம் அலட்சியம் செய்யலாகாது. ‘பங்கு கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைத்துப்போகும், நாளைக்கு என் பெண் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர யார் வருவார்கள்? புருஷன் வீட்டில் ஒரு வார்த்தை கூடக்குறைய ஆனால் நான் எங்கே போய் நிற்பேன்?’ என்பது அந்தப் பதில். இதைப் பேதைமை என்று சொல்வோர் அவர்கள் நிற்கும் இடத்தில் நின்று பாராதவர்கள். புகுந்த வீட்டில் தனக்கென்று ஒரு பிடி இல்லாதவளுக்குப் பிறந்த வீட்டு உறவு ஒன்றே போக்கிடம். அந்தப் போக்கிடத்துக்கு அவள் கொடுக்கும் விலைதான் அந்தக் கையெழுத்து. ஆண் பிள்ளை பங்கு கேட்டால் அது பாகப்பிரிவினை. பெண் பிள்ளை பங்கு கேட்டால் அது பகை. உறவு அறும் என்ற பயம் இல்லாமல் கேட்கக்கூடிய நாள் வரும்வரையில் அந்த உரிமை அவளுக்கு முழுமையாக வந்து சேர்ந்ததாகச் சொல்லமுடியாது.

இதில் அரசாங்கம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. குடும்பத்தினருக்குள் எழுதப்படும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைக் கட்டணத்தில் பெரிய சலுகை கொடுத்திருக்கிறது. பெண் பெயரில் பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்றும் 2025 ஏப்ரல் முதல் ஏற்பாடு செய்திருக்கிறது. பின்னது மிகவும் நல்ல காரியம். அதனோடு, சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து எழுதும் பெண்ணைப் பதிவாளர் தனி அறையில் தனியே அமர்த்தி, இந்த நிலத்தின் இன்றைய வழிகாட்டி மதிப்பில் உன் பங்குக்கு இவ்வளவு ரூபாய் ஆகிறது, எழுதிக்கொடுத்தபின் திரும்பக் கேட்க வழியில்லை, சம்மதந்தானா என்று அவளுக்கு விளங்கும் பாஷையில் கேட்டு, அவள் சொன்ன பதிலைக் குறித்துக்கொண்ட பிறகே பதிய வேண்டும் என்று ஒரு விதி செய்யலாகாதா? கோஷாவில் இருந்த பெண்கள் எழுதிக்கொடுத்த பத்திரங்களை, அவர்கள் விளங்கிக்கொண்டுதான் எழுதினார்கள் என்று பலனடைந்தவரே ருசுப்படுத்த வேண்டும் என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கின்றன. அந்தக் கவனத்தில் ஒரு பங்கு, திரை மறைவு இல்லாமல் நடமாடும் இன்றைய பெண்ணுக்கும் உரியதே. இதனால் பத்திரங்கள் நின்றுவிடா. ஆனால் பேசாமல் இருந்துவிட்ட தொகை ஒருமுறையாவது வாய்விட்டுச் சொல்லப்படும்.

சொத்து பெண் பெயரில் இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு யாழ்ப்பாணத்துத் தமிழர்களின் வழக்குச் சட்டமான தேசவழமையைக் காட்டிலும் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில், 1707-இல், எழுத்து வடிவம் பெற்ற அந்த வழமை, முன்னோர் வழி வந்த முதுசம், பெண்ணுக்கு விவாகத்தில் கொடுக்கும் சீதனம், விவாகத்தின் பின் ஈட்டிய தேடியதேட்டம் என்று சொத்தை வகுத்து, தாயின் சீதனம் பெண் மக்களுக்குச் சீதனமாக இறங்கும் என்று விதித்தது. காணியும் வீடும் மகளுக்குச் சீதனமாக எழுதப்படும் வழக்கம் அங்கே இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண் கண்டிராத ஒரு பெருமிதம் அங்குள்ள பெண்ணுக்கு உண்டு, ஏனெனில் அவள் வாழும் வீடு பெரும்பாலும் அவளுடைய வீடு. ஆனால், 1911-ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டம் அவளுடைய அந்தக் காணியை அவள் விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவனுடைய எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்கிறது. கணவன் தன் காணியை விற்க மனைவியின் சம்மதத்தைக் கேட்க வேண்டியதில்லை. உறுதியில் பெயர் அவளுடையது, பேனா அவனுடையது. யுத்தத்தில் கணவன் காணாமற்போன பெண்கள் நிறைந்த ஒரு நாட்டில், இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஒருவருடைய சம்மதத்துக்காக, அல்லது அதற்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதிக்காக, தன் சொந்தக் காணிக்கே அலையும் நிலைமை எத்தகைய கொடுமை என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

சொத்துக்கும் சுதந்திரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நம் நாட்டில் முதலில் கண்டுகொண்டவர்களில் ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் ஆக்ஷேபங்களுக்கு நடுவே மன்னரின் அனுமதியால் சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று வெளிவந்தவர். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்ற நிபந்தனைகளுக்கு உடன்பட்ட பின்னரே டாக்டர் சுந்தர ரெட்டியை 1914-இல் மணந்துகொண்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபையில் அமர்ந்த முதல் பெண்மணியும், சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவரும் ஆன பின்பு, தேவதாசி முறையை ஒழிக்கப் புகுந்தபோது அவர் முதலில் கைவைத்த இடத்தைக் கவனியுங்கள். கோயிலில் ஆடும் ஊழியத்துக்காகத் தலைமுறையாக அந்தப் பெண்களுக்கு விடப்பட்டிருந்த இனாம் நிலங்கள் இருந்தன. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும் என்ற நிலை இருந்தவரையில், விடுதலை என்பது அவர்களுக்குப் பட்டினியாகவே தோன்றியிருக்கும். அவர் முயற்சியால் 1929-இல் அறநிலையச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம், அந்த நிலங்களை ஊழியத்திலிருந்து விடுவித்து அப்பெண்களுக்கே உரிமையாக்கிற்று. பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்யும் சட்டம் 1947-இல் தான் வந்தது. முன்னது நிலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, நீ விரும்பினால் வெளியேறு என்றது. அதனால்தான் நான் அதனைப் பின்னதைவிட ஞானமுள்ள சட்டமாகக் கருதுகிறேன்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தில் நின்ற பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாளையும் நினைவுகூர்வது நியாயம். தேவதாசிப் பெண்கள் சிலர் சங்கமாகக் கூடி, முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியை ஆட்சேபித்து அரசுக்கு விண்ணப்பம் செய்தார்கள். அவர்களுக்கு நாகரத்தினம்மாள் தலைமையேற்றார். அந்தக் குலத்திலேயே பிறந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் மறுபக்கத்தில் நின்று அந்த முறையை வேரோடு சாடினார் என்பதையும் மறக்கலாகாது. விண்ணப்பம் செய்த பெண்களின் வாதத்தை அக்காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் காது கொடுத்துக் கேட்கவில்லை. மற்ற இந்துப் பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லாத உரிமைகள், அதாவது தாய் சொத்து மகளுக்கு இறங்குவதும், பெண்ணே சுவீகாரம் எடுத்துக்கொள்வதும், அவர்கள் வழக்கத்தில் இருந்தன. அவை பறிபோகும் என்று அவர்கள் அஞ்சினார்கள். குழந்தைகளைப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கம் ஒழிய வேண்டியதே என்பதில் எனக்கு ஒரு சிறிதும் சந்தேகமில்லை. ஆனால், ஒரு கூட்டத்துப் பெண்களின் வாழ்வை மாற்றும்போது அவர்களுடைய வாய்மொழியைக் கேளாமல் மாற்றுவது, நன்மையே செய்தாலும், அவர்களை மறுபடியும் பிறர் தீர்மானிக்கும் இடத்திலேயே நிறுத்துகிறது.

அதே நாகரத்தினம்மாள், திருவையாற்றில் காவிரிக் கரையில் சிதைந்து கிடந்த தியாகராஜ சுவாமிகளின் சமாதியிடத்தை, தம் பாட்டினால் ஈட்டிய பொருளையெல்லாம் செலவிட்டு, 1920-களில் கோயிலாகக் கட்டினார். கட்டி முடித்தவருக்கு அங்கே நடந்த ஆராதனையில் பாட இடமில்லை. வித்துவான்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தார்கள், இரண்டு கட்சியிலும் பெண்களுக்கு அனுமதியில்லை. அவர் என்ன செய்தார்? பெண்களையே திரட்டி மூன்றாவது கட்சி ஒன்றை ஏற்படுத்தி, பெண்களே பாடும் ஆராதனையை நடத்தினார். 1940-இல் மூன்று கட்சிகளும் ஒன்றாயின; இன்று அங்கே பஞ்சரத்தினம் பாடும் பெண்கள் அந்த அம்மையார் விட்டுச் சென்ற இடத்தில் அமர்ந்தே பாடுகிறார்கள். இடம் அவருடைய பொருளால் எழுந்ததாக இல்லாவிட்டால் அந்த மூன்றாம் கட்சிக்கு அங்கே கால் வைக்க வழி கிடைத்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். முத்துலட்சுமியும் நாகரத்தினம்மாளும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்றவர்கள். ஆயினும், தன் காலில் நிற்பதற்குக் காலின் கீழ் தன் மண் வேண்டும் என்பதில் இருவரும் ஒரே அறிவு உடையவர்களாக இருந்தார்கள்.

மண் இல்லாத பெண்களின் கதி என்ன என்று நீங்கள் கேட்கலாம். நம் நாட்டில் பெரும்பாலோர் அவர்களே. அவர்கள் விஷயத்தில் முத்துலட்சுமி அம்மையார் பிறந்த அந்தப் புதுக்கோட்டைச் சீமையே நமக்கு மற்றொரு பாடத்தைத் தந்திருக்கிறது. 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, மாவட்ட ஆட்சித்தலைவராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்களும் இயக்கத் தொண்டர்களும் எழுத்துக் கற்பிப்பதோடு நில்லாமல் பெண்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக்கொடுக்கவும் முனைந்தார்கள். வறண்ட பூமி; பஸ் அருமை. வயலிலும் கல்குவாரியிலும் கூலி வேலை செய்த பெண்களும், பால்வாடி ஆசிரியைகளும், கீரையும் பூவும் விற்றவர்களும் இரவிலும் விடியற்காலையிலும் பழகினார்கள். விழுந்தார்கள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார்கள், கேலிக்கு ஆளானார்கள், மறுநாளும் வந்தார்கள். ஓரிரு ஆண்டுகளில் பல்லாயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளில் ஏறிவிட்டார்கள். கடைகளில் பெண்கள் சைக்கிள் தீர்ந்துபோனதால் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே வசதி என்று சொன்னவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாயிநாத் இதனை நேரில் கண்டு எழுதி, உலகம் அறியச் செய்தார்.

அந்தச் சைக்கிள் என்ன செய்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பஸ்ஸை நம்பியவரையில், விற்பனைக்குக் கொண்டுபோகிறவள் பஸ் நிறுத்தம் வரையில் கூடையைச் சுமந்து கொண்டுபோய் விட ஒரு ஆணை எதிர்பார்த்தாள். பிள்ளைகளையும் தண்ணீரையும் நினைத்து, விற்காத சரக்கோடு பிற்பகலிலேயே திரும்பினாள். சைக்கிள் வந்தபின் அவள் எப்போது புறப்படுவது, எந்தச் சந்தைக்குப் போவது, எப்போது திரும்புவது என்பவற்றைத் தானே தீர்மானித்தாள். வருமானம் சிறிது கூடிற்று. ஆனால் அந்தப் பெண்கள் பெருமையோடு சொன்னது வருமானத்தை அன்று. அடுத்த ஊருக்குப் போக ‘என்னைக் கொண்டுபோய் விடுங்கள்’ என்று தகப்பனிடமும் புருஷனிடமும் பிள்ளையிடமும் கேட்ட அந்தக் கேள்வி அவர்கள் வாழ்க்கையிலிருந்து போய்விட்டது. அதே காலத்தில் அம்மாவட்டத்தில், பிறருக்குக் கொத்தடிமையாகக் கல் உடைத்த பெண்கள் குழுவாகச் சேர்ந்து அரசிடமிருந்து குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தவும் துணிந்தார்கள். தாமாக நடமாடத் தெரிந்த பிறகே பழைய குத்தகைக்காரர்களையும் அதிகாரிகளையும் எதிர்த்து நிற்கும் தைரியம் வந்தது என்று நான் நினைக்கிறேன். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் போவதை இலவசம் என்று இகழ்ந்து பேசுவோர் இந்தப் புதுக்கோட்டைச் சரித்திரத்தை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். பஸ் காசுக்குப் புருஷனிடம் கை நீட்டாத பெண் வேலைக்கு விண்ணப்பம் போடுகிறாள்; உடம்புக்கு வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகிறாள்.

பணம் சம்பந்தமான ஏற்பாடுகளையும் இதே விதமாகப் பிரித்தறிய வேண்டும். 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள், வங்கி வாசலை மிதித்தறியாத பெண்களை மேலாளர் எதிரில் நாற்காலியில் அமரச் செய்தன. அது சிறிய காரியமன்று. ஆனால் குழுவில் வாங்கிய கடன் புருஷன் கைக்குப் போய், தவணை மட்டும் பெண்ணின் தலையில் விழுந்து, வாராந்தர வசூலுக்கு வரும் தனியார் கம்பெனிக்காரருக்குப் பயந்து அவள் அடுத்த வீட்டில் ஒளிந்துகொள்ளும் நிலை எத்தனை ஊர்களில் இருக்கிறது என்பதை இங்குள்ள தாய்மார்கள் அறிவார்கள். கடனை மட்டும் அவள் பெயரில் வைப்பது அவளுக்கு அதிகாரம் தருவதாகாது. 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவியரின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத் தொகையாக வருகிறது. அந்தப் பணம் அவளுடைய சுவாதீனத்தில் இருக்கிறதா என்பது, ஏ.டி.எம். அட்டை யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அது அவள் சுவாதீனத்திலேயே இருக்கும் வீடுகளில், அந்த ஆயிரம் ரூபாய் அதன் மதிப்புக்கு மிஞ்சிய காரியங்களைச் செய்கிறது.

இனி, ஊர் நிர்வாகம். அரசியல் சாசனத்தின் 73-ஆம் திருத்தம் 1993 ஏப்ரலில் அமலுக்கு வந்து, ஊரக உள்ளாட்சியில் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களைப் பெண்களுக்கு ஒதுக்கிற்று. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின்படி 1996-இல் தேர்தல் நடந்தது. பின்னர் அந்த ஒதுக்கீடு பாதியாக உயர்ந்து, 2019 டிசம்பர் ஊரகத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஊராட்சித் தலைவர்கள் ஆனார்கள். அவர்களில் குடிநீருக்காகவும் சுடுகாட்டுப் பாதைக்காகவும் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் படிகளை ஏறி இறங்கி ஊருக்கு நன்மை கொண்டுவந்தவர்கள் அநேகர். ஆனால், தலைவியின் பெயரை எழுதிய பலகையின் கீழ் அவள் கணவன் அமர்ந்து அதிகாரம் செலுத்தும் ஊராட்சிகளும் உண்டு. அவள் வீட்டில் சமைத்துக்கொண்டிருக்க, தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும். தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்த தலைவிக்கோ இதனினும் பெரிய சோதனை. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்பது விதி. ஆதிக்க சாதியைச் சேர்ந்த துணைத் தலைவர் கையெழுத்தை மறுத்தால் தெருவிளக்குக்குக்கூடப் பணம் எடுக்க முடியாது. 2020-இல் கடலூர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சித் தலைவி, மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் அமர்ந்திருக்கத் தாம் மட்டும் தரையில் அமர்த்தப்பட்டிருந்த புகைப்படம் வெளியானபோது நாடே வெட்கப்பட்டது. பெண் என்பதற்காகக் கேட்க வேண்டிய அனுமதி ஒன்று, சாதிக்காகக் கேட்க வேண்டிய அனுமதி மற்றொன்று என்று இரட்டைச் சுமை அவளுக்கு.

கணவன் பின்னிருந்து நடத்துகிறான் என்பதைக் காரணமாகக் காட்டி, பெண்களுக்கு ஒதுக்கீடே வீண் என்று முடிவு கட்டுவோருடன் நான் சிறிதும் உடன்படேன். முதல் தடவை கணவன் சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட்டவள், கூட்டங்களில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, இரண்டாம் ஆண்டில் ‘இந்தத் தொகை எதற்கு?’ என்று கேட்கத் தொடங்குகிறாள். ஐந்தாம் ஆண்டில் அவளை ஏமாற்றுவது எளிதாயிருப்பதில்லை. அவள் அந்த நாற்காலியில் பழகுவதற்கு ஊர்தான் இடம் கொடுக்க வேண்டும். சுழற்சி முறையில் ஒதுக்கீடு மாறி, அவள் பழகி முடிந்த வேளையில் தொகுதி கை நழுவிப் போவதும் ஒரு பெரும் குறை. 

இங்கே கூடியிருப்போரில் கிராமங்களிலிருந்து வந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். குடியரசு தினத்திலும், மே தினத்திலும், சுதந்திர தினத்திலும், காந்தி ஜயந்தியிலும் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். பெண்கள் பின்வரிசையில் தூணோரம் நில்லாமல் முன்வரிசையில் அமருங்கள். வரவு செலவுக் கணக்கைப் பற்றிக் கேள்வி எழும்போது, தலைவிக்குப் பக்கத்தில் நிற்கும் கணவரோ மைத்துனரோ பதில் சொல்ல வாயெடுத்தால், மரியாதையாக அவரைத் தடுத்து, ‘ஐயா, நாங்கள் கேட்டது தலைவரை, அவர் சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கிறோம்’ என்று சொல்லுங்கள், சொல்லிவிட்டு, அந்த அம்மாள் கணக்குப் புத்தகத்தைத் தம் கையில் வாங்கிப் பக்கத்தைப் புரட்டி விடை சொல்லும்வரை இருந்து கேட்டுவிட்டு வாருங்கள்.